மூன்றாம் அறை பதில் சொல்கிறது!

'குளிருது...'

கணினித் திரையில் அந்த ஒற்றைச் சொல் வந்து விழுந்தது.

ரோகிணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிள்ளானில் மீனையும் இறைச்சியையும் உறைய வைக்கும் கிடங்கு அது. இங்கே குளிராமல் வேறு எங்கே குளிரும்?

அவள் அங்கே எச்.ஆர். அதிகாரி. தினமும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயில் ஏறி வருகிறவள். ஊழியர்களின் குறை கேட்க இந்த மாதம்தான் ஒரு ஏ.ஐ. சர்வேயைக் கொண்டுவந்திருந்தாள். கேன்டீன் டேப்லட்டிலோ சொந்தப் போனிலோ அவர்கள் எழுதினால் அவள் திரையில் வந்து விழும். போன வருடம் வரை சிரித்த மூஞ்சி, அழுத மூஞ்சி பொம்மைகள்தான். அழுத மூஞ்சியை யாராவது அழுத்தினால் ஏன் என்று கேட்க நாதியில்லை. இந்த ஏ.ஐ. அப்படியில்லை. வந்த பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்கும்.

கேட்டது!

'எந்த இடத்தில் குளிர்கிறது? கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?'

திரை சும்மா இருந்தது. பிறகு...

'மூணாம் நம்பர் ரூம்ல.'

ரோகிணியின் கையிலிருந்த தே தாரிக் டீ தளும்பி மேஜையில் கொட்டியது.

மூன்றாம் அறையைப் பூட்டி மூன்று வாரம் ஆகிறது. தொழிலாளி பாலன் உறைந்து செத்துக் கிடந்தது அந்த அறைக்குள்தான்!

'அங்கே என்ன நடக்கிறது?' ஏ.ஐ. அமைதியாகக் கேட்டது.

'கதவைத் தட்டுறேன். தட்டிக்கிட்டே இருக்கேன். யாருக்கும் கேக்கலே.'

"முருகா..!" ரோகிணி அலறிவிட்டாள்.

"என்ன சத்தம் இங்கே?"

வாசலில் குரு நின்றிருந்தார். கிடங்கின் ஆபரேஷன்ஸ் மேனேஜர். பாலனின் உடலை முதலில் பார்த்தவர் அவர்தான். உள்பக்கக் கைப்பிடி உடைந்து போய் மாட்டிக்கொண்டான், பாவம், விபத்து என்று போலீஸில் சொன்னவரும் அவர்தான். அந்த ஃபைலை மூடத்தான் இன்ஸ்பெக்டர் விஷ்ணுப்ரியா இன்று சாயங்காலம் வருவதாக இருந்தது.

"சார்... யாரோ பாலன் மாதிரி எழுதுறாங்க."

"செத்தவன் எப்படி எழுதுவான்? நகரு!"

குரு குனிந்து பார்த்தார். அவர் பார்க்கப் பார்க்க ஏ.ஐ. அடுத்ததைக் கேட்டது.

'உதவிக்கு யாரைக் கூப்பிட்டீர்கள்?'

'குரு சாரை.'

அவர் நெற்றி வியர்த்தது. ஏர்கோன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"கேன்டீன் டேப்லட்தானே இது?" என்று பாய்ந்தார். ரோகிணி பின்னாலேயே ஓடினாள்.

கேன்டீனில் இருபது பேர் தட்டில் முகம் புதைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் அருகே டேப்லட். திரை எரிந்துகொண்டிருந்தது. எதிரே நாற்காலி காலி!

அந்த நாற்காலிக்கு மேலே ஆணியில் பாலனின் நீலக் குளிர்ச்சட்டை தொங்கியது. எடுத்து மடித்து வைக்க இதுவரை ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

"யாருடா எழுதினது?"

ஒரு தலைகூட நிமிரவில்லை. நாகையா மட்டும் நாசி லெமாக் சோற்றில் நெத்திலியைப் பொறுக்கிக்கொண்டே சொன்னான்.

"நாங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம் பாஸ்."

பல்லைக் கடித்துக்கொண்டு குரு திரும்பினார். ரோகிணியின் அறைக்கு வந்தபோது திரையில் இன்னொரு வரி காத்திருந்தது.

'கைப்பிடி திரும்புது. கதவுதான் நகரலே.'

குரு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சார்... கைப்பிடி உடைஞ்சிருந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வாயை மூடு! யார் எழுதுறான்னு பேர் வேணும். இப்பவே!"

"பேர் தெரியாதுன்னு நான் வாக்கு குடுத்துத்தான் எழுதச் சொன்னேன் சார். ஸ்டாஃப் கார்டைத் தொட்டோ, போன்ல ஸ்டாஃப் நம்பரைப் போட்டோ உள்ளே போவாங்க. ஆனா பேர் எனக்கே காட்டாது."

"காட்ட வைக்க செட்டிங் இருக்குல்ல?"

"இனிமே வர்ற பதிலுக்கு மட்டும்தான் காட்டும். ஆனா நான் மாத்த மாட்டேன். பாதிப் பேர் தமிழ்நாட்டுலேருந்து பெர்மிட்ல வந்தவங்க. பேர் தெரிஞ்சா நீங்க..."

"ராத்திரியே பிளேன் ஏத்துவேன். அதுக்கு முன்னாடி தனியா கூப்பிட்டுப் பேசுவேன்."

அந்த 'பேசுவேன்' அவளைச் சில்லிட வைத்தது. எழுதுகிறவர் யாராக இருந்தாலும், இன்னொரு வரி எழுதினால் அவர் கதை முடிந்தது!

குரு அவளை ஒதுக்கிவிட்டு மௌஸைப் பிடுங்கினார். தேடினார். கண்டுபிடித்தார். தட்டினார்.

'இனி ஒவ்வொரு பதிலுடனும் எழுதியவர் பெயர் காட்டப்படும்.'

"ரிப்போர்ட் டைரக்டருக்கு எப்போ போகும்?"

"ஆறு மணிக்கு. தானா போயிடும் சார்."

குரு ஒரு கணம் யோசித்தார். போனைத் தடவிக்கொண்டே தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரோகிணி கேன்டீனுக்குப் பறந்தாள். டேப்லட்டின் வயரைப் பிடுங்கி, குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"யாரும் இனிமே ஒரு வரிகூட எழுதாதீங்க! பேர் தெரிஞ்சிடும்! என் வாக்கு போச்சு... என்னை மன்னிச்சிடுங்க."

இருபது பேரும் அவளையே பார்த்தார்கள்.

அப்போது அவள் போன் அதிர்ந்தது.

புதிய பதில்!

அடப்பாவி... யாரோ சொந்தப் போனிலிருந்து எழுதிவிட்டான்! பெயரைப் பார்க்கப் பயந்து கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படித்தாள்.

'நானும் ஒரு தொழிலாளிதான். மத்தவங்க எழுதினது எல்லாம் பொய். பாலன் குடிச்சிட்டு உள்ளே போனான். கைப்பிடி உடைஞ்சு மாட்டிக்கிட்டான். யார் மேலயும் தப்பில்லே.'

'தகவலுக்கு நன்றி. உடைந்த கைப்பிடியைப் பராமரிப்புத் துறை ஏன் முன்பே சரிசெய்யவில்லை என்று நினைக்கிறீர்கள்?'

பதில் சுடச்சுட வந்தது.

'பராமரிப்பைக் குறை சொல்லாதீங்க! மாசாமாசம் செக் பண்றோம். அன்னிக்கும் கைப்பிடி நல்லாத்தான் இருந்துச்சு.'

'அப்படியானால் அவரால் ஏன் வெளியே வர முடியவில்லை?'

'வெளியே ஒரு பேலட் நிறையப் பெட்டி கதவை மறைச்சு நின்னா கைப்பிடி என்ன பண்ணும்?'



பேலட்டா..? பெட்டி அடுக்கிய கனத்த மரத்தட்டு ஒன்று கதவை அடைத்து நின்றதாக யாரும் சொன்னதில்லை. போலீஸ் வந்தபோது வாசல் காலி!

ஏ.ஐ. தன் வேலையைப் பார்த்தது.

'அந்தப் பேலட்டை அங்கே வைத்தது யார்?'



ரோகிணி கட்டைவிரலை எடுத்தாள்.

'எழுதியவர்: குரு, ஆபரேஷன்ஸ் மேனேஜர்.'

பெயர் விழுவது தொழிலாளிகளுக்குத்தானே, தனக்கு எங்கே விழப்போகிறது என்று நினைத்துவிட்டார் மனுஷன். சம்பளப் பட்டியலில் தானும் ஒரு ஊழியர்தான் என்பதை மறந்தே போனார்!

அத்தனையையும் படம் பிடித்து இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினாள். அனுப்பி முடிக்கவும் கேன்டீன் கதவு படாரென்று திறந்தது.

குரு!

"ரோகிணி, கடைசியா வந்த பதிலை அழி."

"யார் எழுதினது சார் அது?"

"யாரோ!"

"யாரோ இல்ல சார். பேர் விழணும்னு நீங்கதான் மாத்துனீங்க. விழுந்திருக்கு."

அவர் அவள் போனைப் பிடுங்கப் பாய்ந்தார். அவள் கை முறுக்கிக்கொண்டது. வலியில் கத்தினாள்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. நாகையா எழுந்தான். மலர் எழுந்தாள். அத்தனை பேரும் எழுந்து சுவர்போல் சூழ்ந்தார்கள். குருவின் பிடி தானாகத் தளர்ந்தது.

"மிஸ்டர் குரு!"

வாசலில் விஷ்ணுப்ரியா. பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

"ஃபைலை மூடத்தான் வந்துக்கிட்டு இருந்தேன். வழியில படம் வந்துச்சு. நானும் ஒரு ஃபாலோ-அப் கேள்வி கேக்கலாமா? அந்தப் பேலட்டை வெச்சது யாரு?"

குரு நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். பாலனின் சட்டைக்கு நேர் கீழே!

"பழைய கறிக்குப் புதுத் தேதி ஒட்டினதைப் பார்த்துட்டான்... வெளியே சொல்லிடுவேன்னான். கொஞ்ச நேரம் பயமுறுத்தத்தான் அடைச்சேன். போன் வந்துச்சு... மறந்துட்டேன். அப்புறம் பேலட்டை நகர்த்திட்டு... கைப்பிடியை நான்தான் உடைச்சேன்."

அவரை அழைத்துக்கொண்டு போனார்கள்.

ரோகிணி சிவந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"இப்போவாவது சொல்லுங்க. யாரு எழுதினது?"

"நாங்கதான் ரோகிணிக்கா. ஆளுக்கு ஒரு வரி" என்றாள் மலர். "அவனுக்கு இங்கே வீட்டு ஆள் யாரும் இல்லலா. நாகையா அண்ணன் ஆளுங்கதான் உடம்பைக் குளிப்பாட்டினாங்க. விரல் முட்டியெல்லாம் தோலே இல்லையாம். எவ்வளவு தட்டியிருப்பான்..! தனியா சொல்ல யாருக்கும் தைரியம் இல்லே. அந்த டேப்லட் கேட்டுட்டுப் பொறுமையா காத்துக்கிட்டு இருந்துச்சு. மூணாம் நம்பர் ரூம்னு போட்டது நானு."

"தட்டுறேன்னு போட்டது நான்" என்றான் நாகையா. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"குரு சாரைன்னு போட்டது நானு. அவர் மேலதான் எங்களுக்குச் சந்தேகம்" என்றான் மூலையிலிருந்த குகன்.

"கைப்பிடி திரும்புதுன்னு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது நாங்க இல்லேக்கா" என்றான் நாகையா மெதுவாக. "கைப்பிடி நல்லா இருந்துச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? குரு வந்து கத்திட்டுப் போனப்புறம் பயத்துல யாரும் கிட்டவே போகலே."

ஏர்கோன் காற்று படாத அந்தச் சுவரில் நீலச் சட்டையின் கை லேசாக ஆடியது. ரோகிணி சட்டையைப் பார்த்துக் கை கூப்பினாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"அப்போ... முதல்ல 'குளிருது'ன்னு எழுதினது?"

பின்னாலிருந்து கேன்டீன் அஞ்சம்மாள் தே ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"நான்தாம்மா. கார்டைத் தொட்டேன், ஒரு வார்த்தை எழுதினேன், அடுப்பு கூப்பிட்டுச்சு, ஓடிட்டேன். கொலைகாரனைப் பிடிச்சீங்க, ரொம்ப சந்தோஷம். இந்தக் கேன்டீன் ஏர்கோனை எப்போ குறைப்பீங்க?"