பலகையில் ஒரு வெட்டு

காலை எட்டு மணி. பேராசிரியை தன் அறை மேசையில் தலை சாய்த்துக் கிடந்தார். உயிர் இல்லை. தேநீர்க் கோப்பையின் அடியில் தூக்க மருந்தின் வெள்ளைப் படிவு.

பின்னால் கரும்பலகை. ஆற்றல் ஏற ஏறத் துகள்களின் சிதறல் எவ்வளவுதான் கூடலாம் என்பதற்கு அவர் ஓர் உச்சவரம்பு நிறுவியிருந்தார். பல வருட உழைப்பு. அதை உடைக்கும் கணக்கு, ஒரு படத்தோடு, பலகையில் இருந்தது. கீழே, கொட்டை எழுத்தில்: எல்லாம் தவறு.

"தற்கொலை. பாவம், தாங்கிக்க முடியல போல," என்றார் துறைத்தலைவர். "இன்னிக்கு மதியம் கருத்தரங்குல பேசறதா இருந்தாங்க. யாரோ ஒருத்தர் கட்டுரையில பிழையாம். யாருன்னு சொல்லல."

வாசலில் கணவர். "ராத்திரி போன்ல சண்டை மேடம். வீட்டுக்கு வரலன்னு வெச்சுட்டா. என்னாலயா போனா? பொண்ணு கேப்பாளே."

இன்ஸ்பெக்டர் பலகையருகே போனார். பலகை இரண்டு அடுக்கு. மேலே இருந்ததை இழுத்து இறக்கினார். பேராசிரியையின் பழைய கணக்கு. அதிலும் அதே போன்ற படம்: பூஜ்யத்துக்கு ஒரு புள்ளி, வலப்பக்கம் ஓடும் ரம்பப்பல் கோடு. பழைய படத்தில் கோடு புள்ளிக்கு ஒரு சாண் தள்ளித் தொடங்கியது. புதியதில் புள்ளியிலேயே.

முந்தின இரவு பேராசிரியையுடன் தேநீர் குடித்தவர்கள் இருவர். ஒருவர், அவருடன் சேர்ந்து கணக்குப் போட்டவர். மற்றவர் அடுத்த அறைக்காரர்.

"உங்களுக்கு இந்தக் கணக்குல பங்கு உண்டா சார்?"

"எனக்கா? முப்பது வருஷமா வெளிச்சத்தோடதான் குடித்தனம்," என்றார் அடுத்த அறைக்காரர்.

இன்ஸ்பெக்டர் சேர்ந்து கணக்குப் போட்டவரிடம் திரும்பினார். "இந்தக் கோடு என்ன?"

"வெட்டுன்னு சொல்வோம். மோதல்ல துகள் பிறக்கத் தேவையான ஆற்றல்லேருந்து தொடங்கும்."

"ஏன் தள்ளித் தொடங்குது?"

"நிறை உள்ள துகள் சும்மா பிறக்காது. அந்த இடைவெளி இல்லன்னா அவங்க வரம்பே பொருந்தாது. கட்டுரையோட முதல் வரியே அதுதான்."

"நிறை இல்லாத துகளுக்கு?"

"பூஜ்யத்துலேருந்து," அடுத்த அறைக்காரர் முந்திக்கொண்டார். பிறகு பலகையைப் பார்த்தார்.

"ஒளிக்கு நிறை கிடையாது. நீங்க தினமும் போடற வெட்டு அது," என்றார் இன்ஸ்பெக்டர். "தன் வரம்பு பொருந்தாத துகளை வெச்சு அதை உடைச்சுட்டு, அதுக்காக அவங்க செத்தாங்களா? இதை எழுதினது அவங்க இல்ல. உங்க கைப்பழக்கம் சார். பிழை உங்க கட்டுரையிலதானே?"

அடுத்த அறைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கட்டுரையை வாபஸ் வாங்குங்கன்னு சொன்னாங்க," என்றார் அவர். "ஒரே ஒரு வரி தப்பு. அதுல என் ஆயுசே நின்னுட்டிருந்துச்சு."

அவரை அழைத்துப் போனார்கள். கணவர் தாழ்வாரச் சுவரில் சாய்ந்து, மகளைப் போனில் அழைத்தார்.

"அம்மா நம்மள விட்டுட்டுப் போகலடா கண்ணு," என்றார். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருந்தது.