மணல்மூட்டை வரிசையில் ஒரு காகிதம்

ஆற்றங்கரை மரங்களிலிருந்து பஞ்சு உதிர்ந்துகொண்டே இருந்தது. ஜூன் மாதத்தில் பனி பெய்கிற மாதிரி! வெள்ளம் அதையெல்லாம் சுமந்துகொண்டு, தூக்கத்தில் நடப்பதுபோல மெதுவாகப் போனது. ஒன்பது வயது லின்னியா வேறு நாளாக இருந்தால் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். இன்றைக்கு முடியுமா? அவள் கையில் அக்காவின் படிப்பே இருந்தது.

அக்கா டெஸ்ஸா கல்லூரியில் நர்ஸ் படிப்பு படிக்கிறாள். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் மாநிலப் படையில் சிப்பாய். அப்படிப்பட்டவர்களுக்குக் கல்லூரிக் கட்டணத்தை அயோவா மாநிலமே கட்டிவிடும். ஆனால் கேப்டன் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் இன்று ஐந்து மணிக்குள் கல்லூரிக்குப் போக வேண்டும். போகாவிட்டால் படிப்பு நின்றுவிடும்.

விடியற்காலையில் வெள்ள வேலைக்கு அழைப்பு வந்ததும் டெஸ்ஸா அரக்கப்பரக்க ஓடிவிட்டாள். விண்ணப்பம் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலேயே தொங்கியது.

அப்பா வண்டியைக் கரையோரம் நிறுத்தினார். "மணி மூணு ஆச்சு. ஓடு கண்ணு!"

கரை நெடுகச் சிப்பாய்கள் ஒரே வரிசையாக நின்றார்கள். லாரியிலிருந்து மணல்மூட்டைகள் கைக்குக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கோடியில் கேப்டன் விரல் உயரத்துக்குத் தெரிந்தார்.

"சின்னப் பசங்க உள்ள வரக்கூடாது, பாப்பா," என்றார் லாரியருகே நின்ற தடியான சிப்பாய். "நானும் நகர முடியாது. வரிசை அறுந்துடும்."

லின்னியா மூட்டைகளையே பார்த்தாள். யாருமே நகரவில்லை. மூட்டை மட்டும் போகிறது!

"அப்ப இதையும் மூட்டை மாதிரி அனுப்புங்களேன், மாமா. கேப்டன் கையெழுத்துப் போடணும்." விண்ணப்பத்தை நனையாமலிருக்க ஒரு ரொட்டி பிளாஸ்டிக் பையில் சுற்றி, பேனாவோடு நீட்டினாள்.

"அட, மூளைக்காரி!"

பை போனது. நடுவில் நின்ற டெஸ்ஸா, மூட்டை என்று நினைத்து மூச்சைப் பிடித்து வாங்கினாள். எடையே இல்லாததால் கை இரண்டும் தலைக்கு மேலே போய்விட்டன. வரிசையே சிரித்தது.

"ஐயோ, என் விண்ணப்பம்! மறந்தே போயிட்டேனே!"

கொஞ்ச நேரத்தில் பை திரும்பி வந்தது. உள்ளே கையெழுத்து இருந்தது. பக்கத்தில் கொஞ்சம் சேறும் இருந்தது. லின்னியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அப்போது தடியான சிப்பாயின் காதில் வரிசையில் அடுத்து நின்றவர் ஏதோ கிசுகிசுத்தார். தடியான சிப்பாயின் முகம் சிவந்துவிட்டது.

"என்ன மாமா?"

"உங்கக்கா உனக்கு ஒரு முத்தம் அனுப்பியிருக்கா. இருபது பேர் கை மாறி வந்திருக்கு." மூடிய கையை அவள் உள்ளங்கையில் வைத்து, மெல்லத் திறந்தார். "பத்திரம், கீழ போட்டுடாத."

லின்னியா அதைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு, பஞ்சு மழைக்குள் வண்டியை நோக்கி ஓடினாள். ஐந்து மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.