ஒலி குறைத்துப் பார்த்த கேசட்

அன்று பிற்பகல் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: பள்ளியில் கணக்குச் சொல்லித்தரும் அக்கா, டிவி ரிப்பேர் பார்க்கும் அவள் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஆறு வயது மகள் குட்டி. வேறு யாரும் இல்லை. எங்கள் குடும்பத்தைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

அப்பா இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பரணில் கிடந்த வீடியோ டெக்கைத் துடைத்துச் சரிசெய்து, பழைய கேசட்டை உள்ளே தள்ளினான் தம்பி. அப்போது அக்காவின் மூக்கில் தொண்டை மாத்திரை வாசனை ஏறியது. அப்பா இடது கன்னத்தில் எப்போதும் ஒதுக்கி வைத்திருக்கும் மாத்திரை. அந்த டப்பாவை அவள் தன் கையாலேயே குப்பையில் போட்டிருந்தாள்.

கேசட்டில் இருந்தது பேய்க் கார்ட்டூன். லாந்தரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கதவு தட்டும் ஓர் எலும்புக்கூடு. உள்ளே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் முயல்கள். அது பேசும் மொழி வீட்டில் யாருக்கும் புரியாது. அதனால், ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் வேலையில் இருந்த அப்பா, டிவியின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு, சோபாவுக்குப் பின்னால் நின்று எல்லாருக்கும் தானே குரல் கொடுப்பார். எலும்புக்கூடு கதவைத் தட்டி, "உள்ளே யாரு?" என்று கேட்கும். அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்த அக்காவும் தம்பியும், "யாரும் இல்லை!" என்று கத்த வேண்டும். ஒரு தடவை தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் கத்தத் தவறிவிட்டான். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. பாய்ந்து வந்து டிவியை அணைத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"சவுண்டு வைங்களேன். ஊமைப் படமா பார்க்கிறது?" என்றாள் தம்பி மனைவி.

"அக்கா பேசுவா. கிளாஸ்ல கத்திக் கத்திப் பழகின தொண்டை" என்றான் தம்பி.

"உன்னை மாதிரி நாலு கழுதைங்களை மேய்ச்ச தொண்டைடா. இன்னைக்கு வேணாம், நிறுத்து."

"பொம்மைப் படத்துக்கா பயம்?"

பயம் என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அக்கா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் அவள் கண்கள் தரையில் சம்மணமிட்டிருந்த குட்டியின் பின்கழுத்தை விட்டு நகரவில்லை. பிள்ளைக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

திரைச்சீலை இழுத்த அறையில், டெக்கின் மெல்லிய உறுமலும், படத்தின் மேல் மழைக்கம்பிகள் போல ஓடிய கோடுகளும், நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டே வந்த அந்த மாத்திரை வாசனையும் சேர்ந்து அவளை அழுத்தின. எலும்புக்கூடு தெருவில் இறங்கியது. லாந்தர் ஆடியது. அதன் தாடை அசைந்தது.

"குளிருது... எந்த வீட்டுல விளக்கு எரியுது?" என்றது ஒரு கனத்த குரல்.

தம்பி மனைவி கைதட்டினாள். "அசத்துறீங்க அண்ணி! ஆம்பளைக் குரலே வருதே!"

தம்பியும் சிரித்துக்கொண்டே அக்காவின் பக்கம் திரும்பினான். அவள் உதடுகள் இறுக மூடியிருந்தன. அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

யாரும் பின்னால் திரும்பவில்லை.

சோபாவின் முதுகு மெல்ல அழுந்தியது, யாரோ இரு கைகளையும் ஊன்றியது போல. அக்காவின் பிடரியில் சூடான மூச்சு பட்டது. படத்தில் எலும்புக்கூடு கடைசி வீட்டுப் படியேறியது. கையை உயர்த்தியது. சோபாவின் மரச்சட்டத்தில் தட்டும் சத்தம். ஒன்று. இன்னொன்று.

"உள்ளே யாரு?"

சொல்லிவிடு. சொல். அக்காவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. தம்பியின் வாய் திறந்திருந்தது.

பெரியவர்கள் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை குட்டி.

"தாத்தா, நான்தான் குட்டி. உள்ளே வாங்க."

"யாரும் இல்லை!" அக்கா கத்தினாள். "யாரும் இல்லை! யாரும் இல்லை!"

படத்தில் கதவு திறந்துகிடந்தது. வாசற்படியில் லாந்தர் மட்டும். கட்டிலுக்கு அடியிலிருந்து முயல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, அறையில் இருந்தவர்களைப் பார்த்தன. குட்டி எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். சோபாவைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள்.

மாத்திரை வாசனை நின்றுவிட்டது.

அன்றோடு எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பேச்சே போய்விட்டது என்று தெருவில் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். பேச்சு எங்கும் போகவில்லை. டிவி போட்டதும் சோபாவுக்குப் பின்னால் போய் நின்று, திரையில் வரும் எல்லாருக்கும் அவள்தான் பேசுகிறாள். வாயை மட்டும் திறப்பதில்லை.