நடுவில் ஒரு மணி நேரம்

“அக்கா, இது தூங்குறப்ப நான் எங்க இருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

மணிக்கட்டில் பட்டையைக் கட்டிவிட்ட அன்று தங்கை கேட்டாள். வாய் ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். பட்டைக்குள் இருந்த சிறு கருவி செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடித்து, அவள் நிற்கும் இடத்தை அக்காவின் திரையில் புள்ளியாகக் காட்டும்.

“அது தூங்கவே தூங்காதுடி. நான் பார்த்துக்கிட்டேதான் இருப்பேன், போ.”

இத்தகைய கருவிகளைப் பழுது பார்ப்பதுதான் அக்காவின் பிழைப்பு. ஓயாமல் வானத்தைத் தேடினால் பேட்டரி ஒரே நாளில் தீர்ந்துவிடும். தினமும் சார்ஜ் போட்டு அலுத்துப்போனவள், யாரிடமும் சொல்லாமல் அதைச் சிக்கன முறைக்கு மாற்றினாள். மணிக்கு ஒருமுறை விழிக்கும், இடத்தைச் சொல்லும், மறுபடி தூங்கிவிடும். நடுவில் திரையில் நிற்பது பழைய புள்ளி.

ஒருநாள் சில்வண்டு பள்ளிவிட்டு வரவில்லை. புள்ளி பேருந்து நிறுத்தத்தில் இருந்தது. எல்லோரும் அங்கேயே தேடினார்கள். அதற்குள் அவள் கல்குவாரிக் குட்டைக்குப் போய்விட்டிருந்தாள். கரையில் செருப்பு மட்டும் கிடைத்தது.

“கருவி பழுதாயிடுச்சும்மா,” என்றாள் அக்கா. அம்மா நம்பிவிட்டாள்.

ஓராண்டு கழிந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், மழை மூட்டத்தில் ஊறிய சுவரின் வாசமும் மின்விசிறியின் கிறீச்சொலியும் மட்டுமே இருந்த அறையில், யாருடைய கருவியையோ சரிபார்க்கத் திரையைத் திறந்தவள், பட்டியலின் அடியில், என்றோ செத்துப்போன அந்தக் கருவிக்கு எதிரே பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தாள்.

மணி ஒன்று. புள்ளி குட்டையின் நடுவில்.

இரண்டுக்கு அது பேருந்து நிறுத்தத்தில் இருந்தது. அவள் எழுந்து வாசல் கதவைத் தாழிட்டாள். பாசி நாற்றம் எங்கிருந்தோ வந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது.

மூன்றுக்குத் தெருமுனை.

அதன்பின் புள்ளி அசையவில்லை. இப்போது எங்கே வருகிறாள்? வேலியருகிலா? படியிலா? தெரியாமல் இருப்பதைத் தாங்க முடியாமல், எப்போதும் விழித்திருக்கும் முறைக்கு மாற்றும் கட்டளையை அனுப்பினாள்.

‘அடுத்த விழிப்பில் ஏற்கப்படும்,’ என்றது திரை.

கூடத்தில் நீர் சொட்டும் ஓசை. கதவுக்கு முதுகைக் காட்டி, திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம்.

நான்கு.

புள்ளி விழித்தது. இம்முறை தூங்கவில்லை. நகர்ந்தது.

வாசல். கூடம். இந்த அறை.

நின்றது.

அவள் திரும்பவில்லை. பின்னாலிருந்து சின்ன விரல்கள் வந்தன. சில்லென்று. அவள் மணிக்கட்டில் ஈரப் பட்டையைச் சுற்றின. கடைசித் துளைவரை இழுத்து இறுக்கின.

“சில்வண்டு... தெரியாமப் பண்ணிட்டேன்டி. திட்டவாவது திட்டேன். ஏதாவது பேசுடி!”

பட்டையின் பச்சை விளக்கு அணைந்தது. திரையில் எழுத்துகள் வந்தன: சிக்கன முறை. அடுத்த விழிப்பு ஒரு மணி நேரம் கழித்து.

அக்காவின் கணுக்காலில் தண்ணீர் ஏறியது. கல்தூள் மணக்கும் தண்ணீர். முழங்கால்.

வாய் ஓயாத அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டு நடந்துவிட்டாள்.