வாசிக்காமல் வைத்த புத்தகங்கள்

உள்துறைமுக வீதியிலிருந்த அந்தப் பழைய மாடிவீட்டுக்கு அசனா வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. வெற்றுப் பிஸ்கட் பெட்டிகளைச் சுமந்துகொண்டு மரப்படி ஏறினாள். மேல்மாடியில் கீர்த்தனி தனியாக வாடகைக்கு இருந்தாள். இருவரும் ஒரே கந்தோரில் வேலை.

சனிக்கிழமை கீர்த்தனியின் தங்கை பூரணி கைக்குழந்தையோடு தங்க வருகிறாள். உள்ளறையில் பாய் விரிக்கக்கூட இடமில்லை. சம்பளம் கிடைத்ததும் புத்தகக் கடைக்கு ஓடுவதும், வாங்கியதைத் திறக்காமலே அடுக்குவதும் கீர்த்தனிக்குப் பழகிப்போயிருந்தது. இந்த வருடம் இனி ஒன்றும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள்.

"வாசிச்சது இருக்கட்டும். வாசிக்காதது எல்லாம் உங்கட ஊர் கிண்ணியாப் பள்ளிக்கூடத்துக்கு," என்றாள்.

யன்னலுக்கு வெளியே துறைமுகத்து நீர் அசையாமல் கிடந்தது. அறையில் பழைய தாளின் மணம். அதற்கடியில் மெல்லிய இன்னொரு வாடை. தலையில் ஊறிய தேங்காய் எண்ணெயின் சிக்கு.

அசனா ஒரு நாவலைப் புரட்டினாள். "இது?"

"வாசிக்கேல்லை. பெட்டியில வையுங்கோ."

"பாதி வாசிச்சிருக்கீங்களே."

நூற்றுப்பத்தாம் பக்கத்தில் நீளமான நரைமுடி ஒன்று கிடந்தது. அடையாளம் வைத்ததுபோல, நேராக.

கீர்த்தனியின் கூந்தல் கறுப்பு, தோளளவு. கடையில் யாராவது புரட்டியிருப்பார்கள் என்று அவள் அதை ஊதித் தள்ளினாள். அடுத்த புத்தகத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

அவள் வாசித்த எதிலும் முடி இல்லை. வாசிக்காத ஒவ்வொன்றிலும் இருந்தது.



அடுக்கின் உச்சியில் போன கிழமை வாங்கிய புத்தகம். பொலித்தீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. கீர்த்தனி நகத்தால் கிழித்தாள்.

நாற்பதாம் பக்கம்.

அந்த முடி ஈரமாக இருந்தது. எண்ணெய் தாளில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

"கீர்த்தனி," அசனா கிசுகிசுத்தாள், "இந்த வீட்டுல வேற ஆரும் இருக்காங்களா?"

"இல்லை."

பின்னால் பிரம்புக் கதிரை கிரீச்சிட்டது. உட்கார்ந்திருந்த ஒருவர் எழும்பும் சத்தம்.

அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்கு வந்ததையெல்லாம் பெட்டிகளில் திணித்து, முச்சக்கர வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் மூச்சு விட்டார்கள். இரண்டு நாள் கீர்த்தனி அசனா வீட்டிலேயே தங்கினாள். திரும்பி வந்து பார்த்தபோது உள்ளறை வெறுமையாக, வெளிச்சமாக இருந்தது. எண்ணெய் வாடை இல்லை. வந்தது புத்தகங்களோடே போய்விட்டது என்று நினைத்தாள்.

வியாழன் மாலை கந்தோரிலிருந்து நடந்து வரும்போது மட்டக்களப்பிலிருந்து அம்மா அழைத்தார்.

"பூரணி இண்டைக்கே பஸ் ஏறிட்டாள் பிள்ளை. இந்நேரத்துக்கு வந்திருப்பாள்."

பூட்டிய கதவின் திறப்பு தன் கைப்பையில் அல்லவா இருக்கிறது என்று கீர்த்தனி நடையை எட்டிப் போட்டாள். அதற்குள் இன்னொரு அழைப்பு. புத்தகக் கடை றிப்தி.

"மிஸ், போன மாசம் சொல்லி வச்ச புத்தகம் வந்திச்சு. மத்தியானம் வீட்டுலயே குடுத்துட்டன்."

அதை நிறுத்தச் சொல்ல அவள் மறந்திருந்தாள்.

"வீட்டில ஆரிட்ட?"

"உங்கட அம்மாட்டதான். நல்லா வயசானவங்க. கதவத் திறந்து கையால வாங்கினாங்க."

"என்ன... என்ன சொன்னவ?"

"அடுத்தது எப்ப வரும் எண்டு கேட்டாங்க."

மரப்படியை அவள் ஓடி ஏறினாள். கதவு திறந்திருந்தது. குசினியிலிருந்து பூரணி தேநீர்க் கோப்பையோடு வந்து, உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாதேங்கோ அக்கா. கதவு திறந்து விட்டாவே, அந்த அம்மா ஆர்? பிள்ளையை மடியில வைச்சுக் கதை வாசிக்கிறா."

உள்ளறையில் புத்தகத்தின் பக்கம் ஒன்று புரண்டது.