சரிவுக் கல்

உச்சிவேளையின் வெப்பச் சங்கு ஊதியதும் பின்வாசல் தாழ் தானாகவே விலகியது. யாழினி கூடத்துக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இனி தோட்டத்துக்குள் முன்பின் தெரியாதவர்கள் வருவார்கள்.

புரசைவாக்கத்தில் மூன்று அடுக்ககங்களுக்கு நடுவே சிக்கிய சின்னத் தோட்டம் அது. வெயிலே விழாது, ரோஜா வைத்தால் பூக்காது. அப்பா காலத்தில் அது ஒரு குறை. இப்போதோ நண்பகல் வெயிலில் நின்றால் ஆட்கள் சாகிறார்கள். அதனால் நிழல் சட்டம் வந்தது. சுவரிலிருக்கும் நிழலளவி பச்சை காட்டினால், அந்தத் தோட்டம் வெயில் தாழும்வரை வெளியில் வேலை செய்கிறவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும்.

அவர்கள் போன பிறகு யாழினிக்குக் குமட்டும். பூந்தொட்டியில் பாக்கு எச்சில். சுவரில் தலைகள் சாய்ந்த எண்ணெய்ப் பிசுக்கு. சிமெண்டு பெஞ்சில் வியர்வை காய்ந்த வெள்ளைத் தடம், அதில் ஒட்டிய முடி. மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவுவாள்.

தோட்டத்தைப் புதுப்பிக்கலாம் என்றது கணவன் குணசீலன்தான். வடிவமைப்பாளன் ரிஷ்வந்த் வந்து பார்த்தான். சட்டம் நிழலை மட்டும்தான் கேட்கிறது, உட்கார இடம் கேட்கவில்லை என்று சிரித்தான். பெஞ்சுகளைப் பெயர்த்தார்கள். தரை முழுக்கக் கருங்கல் பதித்தார்கள். அதன் சரிவு கண்ணுக்குத் தெரியாது, உட்கார்ந்தால் வழுக்கும். கல் காயாதபடி நீர்த்தூவி ஈரம் கசியவிட்டது. சாய முடியாதபடி சுவரோரம் முழுவதும் பெரணிகளும் முட்கொடியும்.

சில வாரங்களில் கூட்டம் கரைந்தது. பெரணிகள் செழித்தன. தோட்டம் இவ்வளவு அழகாக ஒருநாளும் இருந்ததில்லை.

ஒருத்தி மட்டும் வந்துகொண்டிருந்தாள். மாடிகளில் சூரியத் தகடு கழுவுகிறவள். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையில் சகாயமேரி என்றிருந்தது. கதவுக் கம்பியைப் பிடித்தபடி நண்பகல் முழுக்க நின்றேயிருப்பாள். அவளும் வருவதை நிறுத்திவிடுவாள் என்றான் குணசீலன்.

ஒருநாள் அவள் முழங்கால் மடங்கியது. சரிந்து, பெரணிகள்மேல் வாந்தியெடுத்து, அதிலேயே முகம் பதியக் கிடந்தாள். குணசீலன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மருத்துவ வண்டிக்குச் சொல்லிவிடு, நீ தொடாதே என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் கண்ணில் படாதபடி தட்டோடு திரும்பி உட்கார்ந்தான். வாந்தியைவிட, சோறு பிசைந்துகொண்டிருந்த அந்த விரல்கள் யாழினிக்கு அருவருப்பாக இருந்தன.

வண்டிக்குச் சொல்லிவிட்டு வெளியே போனாள். தன் வீட்டுக் கல்லில் தானே இருமுறை வழுக்கினாள். சகாயமேரியைக் கட்டிப்பிடித்துத் தூக்கியபோது புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது, கையெல்லாம் பிசுபிசுத்தது. விடாமல் இழுத்துவந்து குளிரூட்டியின் கீழ்க் கிடத்தி, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள்.

சகாயமேரி கண் திறந்ததும் மன்னிப்புத்தான் கேட்டாள். செடியெல்லாம் பாழாக்கிவிட்டாளாம். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"கொஞ்ச நாளா கால் நிக்கவே மாட்டேங்குது மேடம். இங்க வந்து நின்னா ஆளையே கீழ தள்ளுது. வயசாயிடுச்சு போல. இந்தக் காலோட மாடி ஏறி எங்கயாவது விழுந்துட்டா? அதான் வேலைய விட்டுடுறேன்னு நேத்து சொல்லிட்டேன். இன்னைக்குத்தான் கடைசி."

யாழினியின் கை நின்றது. குணசீலன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"உங்க கால்ல ஒண்ணும் இல்ல," என்றாள் யாழினி. "தரைதான். நீங்கல்லாம் உக்காரக் கூடாதுன்னு நாங்கதான் சாய்ச்சுப் போட்டோம்."

சகாயமேரி தன் முகத்தின் மேலிருந்த யாழினியின் கையை விலக்கினாள். துணியை வாங்கவில்லை. தன் சட்டை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு, தரையில் கையூன்றி வாசல்வரை நகர்ந்து, வண்டி வரும்வரை அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.