உடைபட வேண்டிய கேடயம்

ஓநாய் தலையைத் திருப்பியிருந்தது. முந்நூறு ஆண்டுகளாகச் சுவரில் தொங்கிய குடும்பக் கேடயத்தில் சாய ஓவியமாக இடப்பக்கமே பார்த்து நின்ற ஓநாய், இப்போது வலப்பக்கம், போன வாரம் இறந்த அண்ணன் ஃபோல்கேயின் காலி நாற்காலியைப் பார்த்தது. கண்தான் ஏமாற்றுகிறது என்று சிக்ரிட் நினைத்துக்கொண்டாள். நவம்பர் மாதம். மூன்று மணிக்கே கூடம் மங்கிவிட்டது. அடுப்பில் பிர்ச் விறகு எரிந்தும், நனைந்த நாயின் நாற்றம் அடித்தது. அந்த வீட்டில் நாயே கிடையாது.

தாய்மாமன் மகன் மோரிட்ஸ் மேசைமேல் சுத்தியலை வைத்தான். வம்சத்தின் கடைசி ஆண் இறந்தால், சவப்பெட்டியின் முன் கேடயத்தை உடைத்துவிடுவார்கள். நாளை அடக்கம்.

"வம்சம் அத்துப்போச்சுன்னு பாதிரியார் சொன்னதும் ஒரே போடு. முடிஞ்சுது."

"அப்ப நான் யாரு? வாடகைக்கு வந்தவளா?"

"கோவிச்சுக்காதே. பொண்ணுங்க கணக்குல வரமாட்டாங்க. நானா சட்டம் போட்டேன்? இரு, கார்ல கம்பளி இருக்கு, கேடயத்தைப் பொதிஞ்சு எடுத்துட்டுப் போயிடலாம்."

அவன் வெளியே போனான். ஐம்பத்திரண்டு வருடமாகக் கேட்ட பேச்சு. சாகும் நாளில் ஃபோல்கேயும், ஓநாய் முத்திரை மோதிரத்தைக் கழற்றியபடி அதையேதான் சொன்னான்: "இத நீ போடாதே, சிக்ரிட். உன்ன அதுக்குத் தெரியாது. அப்படியே இருக்கட்டும்." சாகிற நேரத்திலும் என்ன திமிர் என்று அழுதுகொண்டே நினைத்தாள்.

பையிலிருந்து மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் இருக்கேன்," என்று கேடயத்திடம் உரக்கச் சொன்னாள். "வம்சம் அத்துப்போகல."

கடிகாரம் நின்றது. பலகைத் தரையில் நகம் உரசும் சத்தம், அடுப்புக்குப் பின்னாலிருந்து, அலமாரிக்குக் கீழேயிருந்து, ஒவ்வொரு நாற்காலியாக முகர்ந்து வருவதுபோல் வந்து, ஃபோல்கேயின் நாற்காலியருகே சற்றுத் தயங்கி, மறுபடி கிளம்பியது. மோதிரம் இறுகியது. இழுத்தாள். வரவில்லை.

அப்போதுதான் புரிந்தது. அண்ணன் அவளை அவமதிக்கவில்லை. ஓநாயின் கண்ணில் படாமல் மறைத்துவைத்திருந்தான்.

சத்தம் நின்றது. நிமிர்ந்தாள்.

ஓநாய் நேராக அவளைப் பார்த்தது. வாய் திறந்தது.

உள்ளே வம்சத்தின் இறந்துபோன ஆண்கள். வரிசையாக. அப்பா. கடைசியில் ஃபோல்கே, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டு. அவன் பக்கத்தில் ஓர் இடம் காலி.

அவள் ஓடவில்லை. சுத்தியலை எடுத்தாள்.

"கணக்குல சேத்துட்ட இல்ல? அப்ப உடைக்கிறதும் நான்தான்."

ஓங்கினாள். மோதிர விரலில் சூடான மூச்சு பட்டது.

கூடத்தில் யாரும் இல்லை. கேடயத்தில், அந்தக் காலி இடத்தில் ஒரு பெண் நின்றாள். வெடிப்பு விட்ட பழைய சாயம். ஓங்கிய கையில் சுத்தியல். சிக்ரிட்டின் முகம்.